ஏடிஆர் விமானத்தை யார் யார் ஓட்டுகிறார்கள், எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். தூத்துக்குடிக்குப் போகிற மளிகைக்கடைக்காரர்களும், யாழ்ப்பாணத்தில் சொந்தபந்தம் உள்ளவர்களும் நிறைய வருவார்கள். டிக்கெட்டில் 'ஏடிஆர்' என்று பார்த்ததும் கேள்வி ஆரம்பித்துவிடும். நான் பைலட் இல்லை. விமானங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிற பைத்தியம், அவ்வளவுதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஏடிஆர் எந்த நாட்டு விமானம்?

பாதி பிரான்ஸ், பாதி இத்தாலி. 1980-களின் தொடக்கத்தில் இரண்டு நாட்டு கம்பெனிகளும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. இன்றைக்கு ஏர்பஸ்ஸும் இத்தாலியின் லியனார்டோவும் ஆளுக்குப் பாதிப் பங்கு வைத்திருக்கின்றன. உடம்புப் பகுதி இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கத்தில் தயாராகிறது, முழு விமானமாகக் கோப்பது பிரான்ஸின் துலூஸ் நகரத்தில். எஞ்சின் கனடாவின் பிராட் அண்ட் விட்னி.

இரண்டு அளவு உண்டு. சின்னது ஏடிஆர் 42, முதலில் பறந்தது 1984-ல். அதையே நீட்டிச் செய்ததுதான் ஏடிஆர் 72. இது முதலில் பறந்தது 1988 அக்டோபரில். நீங்கள் சென்னையில் ஏறுவது பெரும்பாலும் 72-600 என்கிற புது ரகம்.

புரொப்பெல்லர் வைத்த விமானம் என்றால் பழைய காலத்து விமானம்தானே அண்ணே?

இல்லை. இந்தப் பயம்தான் எல்லோருக்கும் முதலில் வருகிறது. உள்ளே இருப்பது ஜெட் விமானத்தில் இருப்பது போன்ற டர்பைன் எஞ்சின்தான். ஜெட்டில் அந்தச் சக்தி வேகமான காற்றாகப் பின்னால் பீறிட்டு வெளியே போகிறது. இதில் கியர்பாக்ஸ் வழியாக ஆறு இறக்கை உள்ள புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவதால், குறைந்த வேகத்தில் எரிபொருள் நன்றாக மிச்சமாகும். இதே அளவு ஜெட்டை விட 45 சதவீதம்வரை எரிபொருள் குறைவு என்று ஏடிஆர் கம்பெனி சொல்கிறது. விற்கிறவன் சொல்லும் கணக்கு என்பதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வித்தியாசம் பெரிதுதான்.

வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர், உயரம் அதிகபட்சம் 25,000 அடி. சென்னையிலிருந்து தூத்துக்குடி வானத்தில் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஜெட்டாக இருந்தால் மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். ஏர்பஸ்ஸில் போனால் கால் மணி, இருபது நிமிடம் மிச்சமாகலாம். அதற்கு ஆகிற எரிபொருள் செலவு டிக்கெட்டில்தான் ஏறும்.

எல்லா கம்பெனியும் ஏன் 80 சீட்டுக்குள்ளேயே நிற்கிறது?

இதில் ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி நடத்தும் விமான நிலையங்களில், 80 இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானத்துக்கு இறங்கு கட்டணம் கிடையாது. சென்னை விமான நிலையமும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அப்புறம், 40 டன்னுக்குக் குறைவான எடையுள்ள டர்போபிராப் (இப்படி டர்பைன் எஞ்சினால் புரொப்பெல்லர் சுற்றும்) விமானங்களுக்கு எரிபொருள் மீது விற்பனை வரி மிகவும் குறைவு. பெரிய ஜெட்டுக்கு அதே எரிபொருளின் வரி பல மாநிலங்களில் 20 சதவீதத்தைத் தாண்டியது உண்டு. ஏடிஆர் 72 முழுச் சுமையோடு கிளம்பினாலும் 23 டன்தான். இரண்டு சலுகையும் கிடைத்துவிடுகிறது.

சின்ன ஊருக்கு விமானம் விட வேண்டும் என்று அரசாங்கம் நினைத்துச் செய்தது. அதில் ஒன்றும் தப்பில்லை. இந்த இரண்டும் இல்லையென்றால் சேலத்துக்கு விமானம் வந்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

இந்தியாவில் இப்போது யார் யார் ஓட்டுகிறார்கள்?

இண்டிகோதான் பெரியது. 2017-ல் 50 விமானத்துக்கு ஏற்பாடு செய்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஏடிஆர் சேவையைத் தொடங்கியது. இன்று 40-க்கு மேல் வைத்திருக்கிறது. அடுத்தது அலையன்ஸ் ஏர். ஏர் இந்தியா டாடாவிடம் போன பிறகும் இது அரசாங்கத்திடமே இருக்கிறது. 42, 72 இரண்டு ரகமும் இவர்களிடம் உண்டு. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் அரசின் உடான் திட்டத்தின் முதல் விமானம், 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டெல்லி போனது, இவர்களுடைய ஏடிஆர் 42-தான். சிம்லா ஓடுதளம் மலை உச்சியில் 1,200 மீட்டர் சொச்சம்தான், வேறெதை இறக்குவது? கோவாவிலிருந்து கிளம்பும் ஃபிளை 91 என்ற புது கம்பெனி 2024 மார்ச்சில் வந்தது.

போனவர்கள் பட்டியல் இதைவிட நீளம். கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003-ல் ஏடிஆர் 42-ஐ வைத்துத்தான் ஆரம்பித்தது. அதை வாங்கிய கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019-ல் நின்றது. சென்னை–சேலம் 2018 முதல் ஓட்டிய ட்ரூஜெட்டும் இல்லை. சேலத்துக்கு மறுபடி விமானம் வந்தது 2023 அக்டோபரில். கம்பெனிகள் படுத்ததற்கு விமானம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் குத்தகைக்கு எடுத்த விமானங்கள்தான். ஒரு கம்பெனி மூடினால் குத்தகைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போய் வேறு நாட்டில் வேறு பெயிண்ட் அடித்துப் பறக்கவிடுவார்.

தூத்துக்குடியில் ரன்வே பெரிதாகிவிட்டதே, இனி பெரிய விமானம்தானா?

பல வருடம் தூத்துக்குடி ஓடுதளம் 1,350 மீட்டர்தான். ஏடிஆர் 72 முழுச் சுமையோடு கிளம்ப, கடல் மட்டத்தில், 1,300 மீட்டர் சுமாருக்குத் தேவை. கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த சட்டை. வெயில் கடுமையாக இருக்கும் நாளில் காற்று லேசாகிவிடும், அதிக தூரம் ஓட வேண்டும். அப்போது எடையைக் குறைத்தாக வேண்டும். 2025 ஜூலையில் புது டெர்மினலோடு 3,115 மீட்டர் ஓடுதளம் திறந்தார்கள். ஏர்பஸ் இறங்கத் தடையில்லை.

ஆனால் ஏடிஆர் உடனே ஒழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஒரு நாளைக்கு 180 பேர் ஏறும் ஒரு விமானத்தை விட, 78 பேர் ஏறும் விமானம் காலை, மதியம், மாலை என்று போவதுதான் வியாபாரிக்குத் தோது. காலையில் போய் சரக்குக்காரரைப் பார்த்துவிட்டு ராத்திரிக்கு வீடு திரும்ப நினைக்கிறவர்தான் எங்கள் கடைக்கு அதிகம் வருகிறார்.

யாழ்ப்பாணத்துக்கு யார் போகிறார்கள்?

பலாலி விமான நிலையம் 2019 அக்டோபர் 17-ல் சர்வதேச நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் ஏடிஆர் வழக்கமாகப் பறக்க ஆரம்பித்தது. 2020-ல் கொரோனாவில் நின்றுபோய் 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மதுரையை விடக் கிட்டம். கொழும்பில் இறங்கி ராத்திரி முழுக்க பஸ்ஸில் வடக்கே போனவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். பலாலி ஓடுதளம் சின்னது, அதனால்தான் ஏடிஆர்.

உலகத்தில் யாரிடம் அதிகம் இருக்கிறது?

இதுவரை 1,600-க்கு மேல் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள். சுமார் 100 நாடுகளில் ஓடுகிறது. பட்டியலை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: தீவுக் கூட்டம், மலை, பெரிய காடு. ரோடு போட முடியாத இடமெல்லாம் ஏடிஆர்.

இந்தோனேசியாவின் விங்ஸ் ஏர், லயன் குழுமத்தைச் சேர்ந்தது, உலகிலேயே அதிக ஏடிஆர் வாங்கிக் குவித்தவர்களில் ஒன்று. தீவுக்குத் தீவு தாவுவதுதான் அதன் பிழைப்பு. பிலிப்பைன்ஸில் செப்கோ, ஸ்பெயினின் கேனரி தீவுகளில் பிண்டர், பசிபிக் நடுவில் ஏர் தஹிதி, மாலத்தீவில் மாண்டா ஏர், எல்லாம் அதே ஜாதி. நியூசிலாந்தின் தேசியக் கம்பெனியும் சின்ன ஊர்களுக்கு 72-600 விடுகிறது. பிரேசிலில் அசுல். நேபாளத்தில் புத்தா ஏர், எட்டி ஏர்லைன்ஸ். தான்சானியாவில் பிரிசிஷன் ஏர்.

எனக்குப் பிடித்தது ஜப்பானின் அமாகுசா ஏர்லைன்ஸ். மொத்தக் கம்பெனிக்கும் ஒரே விமானம், ஒரு ஏடிஆர் 42. அதில் டால்பின் படம் வரைந்திருப்பார்கள்.

வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் உண்டு. அங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் யாங்கோன் வரை போய், அதற்கு மேல் உள்நாட்டு விமானத்தில் ஏறினால் அது பெரும்பாலும் ஏடிஆராகத்தான் இருக்கும். ஏர் கேபிஇசட், மியன்மார் நேஷனல் ஏர்லைன்ஸ் இரண்டும் அதை ஓட்டுகின்றன.

ஆள் ஏற்றாத ஏடிஆரும் உண்டு. ஜன்னல் இல்லாமல், முன்பக்கம் பெரிய சரக்குக் கதவோடு, பிறக்கும்போதே சரக்கு விமானமாகச் செய்த 72-600எஃப். கேட்டு வாங்கியது ஃபெட்எக்ஸ். முதல் விமானம் 2020 டிசம்பரில் கைக்கு வந்தது.

அந்தமானுக்கு ஏன் இது போவதில்லை?

தூரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் 1,350 கிலோமீட்டருக்கு மேல், முழுக்கக் கடல். முழுப் பயணிகளோடு ஏடிஆர் 72 போகக்கூடியது சுமார் 1,500 கிலோமீட்டர். அங்கே போய் இறங்க முடியாமல் மழை பிடித்துக்கொண்டால் திரும்பிப் போகப் பக்கத்தில் வேறு ஊர் இல்லை. அதற்கான எரிபொருளையும் சுமந்தால் ஆளைக் குறைக்க வேண்டும். அதனால் அங்கே ஜெட்தான்.

ராணுவங்கள் இதை எதற்கு வாங்குகின்றன? சண்டைக்கா?

சண்டை போட இல்லை. பெரும்பாலும் கடலைக் கண்காணிக்க. இத்தாலி விமானப்படை நான்கு ஏடிஆர் 72-ஐ பி-72ஏ என்ற பெயரில் சிசிலித் தீவின் சிகொனெல்லா தளத்தில் வைத்திருக்கிறது. முன்பு அங்கே இருந்த அட்லாண்டிக் என்ற பழைய விமானத்துக்குப் பதிலாக வந்தது. வயிற்றுக்குக் கீழே ராடார், கேமரா, ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்கள். இத்தாலியின் கடலோரக் காவல்படையும், சுங்கம் பார்க்கும் குவார்தியா தி பினான்சாவும் ஏடிஆர் 42 வைத்திருக்கின்றன. கடத்தல் படகு பிடிக்க, தத்தளிக்கிற படகைத் தேட.

துருக்கி கடற்படை ஒரு படி மேலே போய், ரோந்துக்கென்று ஆறு ஏடிஆர் 72 வாங்கியது. அதிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலுக்கு எதிரான டார்பிடோ போடலாம். பாகிஸ்தான் கடற்படையும் பயணி விமானமாக இருந்த ஏடிஆரை மாற்றி ரோந்து விமானமாக்கியது. நைஜீரிய விமானப்படையிடம் ஏடிஆர் 42 ரோந்து ரகம் இரண்டு. மலேசியா 2023-ல் இரண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. தாய்லாந்து விமானப்படை ஆள் ஏற்ற வைத்திருக்கிறது.

காரணம் எளிது. ரோந்துக்கு வேகம் வேண்டாம். தாழ, மெதுவாக, மணிக்கணக்கில் சுற்ற வேண்டும். உதிரிபாகம் உலகம் முழுக்கக் கிடைக்க வேண்டும். பயணி விமானமாக ஆயிரக்கணக்கில் ஓடிப் பழகிய எஞ்சின் என்றால் ராணுவக் கணக்குப்பிள்ளைக்கும் நிம்மதி.

நம் விமானப்படையில் ஏடிஆர் இல்லையா?

இல்லை. ஆனால் அதன் எஞ்சின் குடும்பம் வந்துவிட்டது. கான்பூரில் அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்ஏஎல் தயாரித்த பழைய ஆவ்ரோ விமானங்களுக்குப் பதிலாக, 2021-ல் 56 ஏர்பஸ் சி-295 விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 16 ஸ்பெயினின் செவில்லிலிருந்து, மீதி 40 டாடா நிறுவனம் வதோதராவில் செய்வது. அதில் இருப்பதும் ஏடிஆரில் இருக்கும் அதே பிடபிள்யூ 127 வகை எஞ்சின்.

2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து 29 பேரோடு போர்ட் பிளேருக்குக் கிளம்பிக் காணாமல் போனதே, அது ஏடிஆரா என்று சிலர் கேட்கிறார்கள். அது ஏஎன்-32. உக்ரைனின் அன்டோனோவ் வடிவமைத்த ராணுவ விமானம், வேறு எஞ்சின், வேறு வேலை. ஏழரை வருடம் கழித்து 2024 ஜனவரியில், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லாக் கலம் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் எடுத்தது.

காசிமேட்டுக் கடலில் போட்டுக்கு மேலே தாழப் பறந்து போகிறதே, அது?

அது டோர்னியர் 228. கடலோரக் காவல்படையுடையது. சென்னையிலும் அவர்களுக்கு விமானத் தளம் உண்டு. டோர்னியரும் டர்போபிராப்தான், ஆனால் 19 பேர் உட்காரும் அளவு. ஜெர்மன் வடிவமைப்பு, எச்ஏஎல் கான்பூரில் செய்கிறது.

தூரத்திலிருந்தே பிரித்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் இறக்கை உடம்புக்கு மேலேதான். ஏடிஆரின் வாலைப் பாருங்கள்: நிமிர்ந்து நிற்கும் வாலின் உச்சியில் குறுக்கே இன்னொரு சின்ன இறக்கை உட்கார்ந்திருக்கும். வயிற்றின் இரு பக்கமும் சக்கரம் மடங்கி உட்காரும் புடைப்பு தெரியும். டோர்னியருக்கு அந்தக் குறுக்கு இறக்கை கீழேயே இருக்கும், மூக்கு கூராக இருக்கும். சத்தமும் வேறு. ஏடிஆர் உறுமும். டோர்னியர் காதில் ஊசி குத்துகிற மாதிரி கீச்சென்று போகும்.

புயல் வரும்போது கரைக்குத் திரும்பச் சொல்லி விஎச்எஃப் ரேடியோவில் தமிழிலும் தெலுங்கிலும் அறிவிப்பது இந்த விமானங்கள்தான். அவசரத்துக்கு சேனல் 16. கரையிலிருந்து தகவல் சொல்ல 1554. அந்த வேலையில் அவர்களும் ஆட்களை இழந்திருக்கிறார்கள். 2015 ஜூன் 8-ல் சென்னையிலிருந்து இரவு ரோந்துக்குக் கிளம்பிய டோர்னியர் மூன்று பேரோடு கடலில் விழுந்தது. அடுத்த மாதம் பிச்சாவரம் பக்கத்துக் கடலில் கண்டுபிடித்தார்கள்.

ஏடிஆர் அடிக்கடி விழுகிறது என்கிறார்களே?

மழுப்பாமல் பார்க்கலாம். பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன.

1994 அக்டோபர் 31, அமெரிக்காவின் ரோஸ்லான். 68 பேர் இறந்தார்கள். உறைபனி மழையில் சுற்றிக்கொண்டிருந்தபோது, இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டைக்குப் பின்னால் ஐஸ் கட்டி, விமானம் புரண்டது. அந்தக் கறுப்பு ரப்பர் பட்டைக்குள் காற்றடித்து உப்ப வைத்தால் மேலே கட்டிய ஐஸ் உடைந்து விழும். விபத்துக்குப் பிறகு பட்டையை அகலமாக்கினார்கள். அமெரிக்கக் கம்பெனி அந்த விமானங்களைக் குளிர் ஊர்களிலிருந்து தெற்கே மாற்றியது.

2015 பிப்ரவரி, தைபே. ஒரு எஞ்சின் பழுதாக, பைலட் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னொரு எஞ்சினை நிறுத்திவிட்டார். மேம்பாலத்தில் இறக்கை உரசி ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள், 15 பேர் பிழைத்தார்கள்.

2023 ஜனவரி 15, நேபாளத்தின் பொக்காரா. இறங்கும்போது வேறு ஒரு நெம்புகோலை இழுப்பதற்குப் பதிலாகத் தவறுதலாக இரண்டு புரொப்பெல்லரின் நெம்புகோல்களையும் இழுத்ததால், புரொப்பெல்லரின் இறக்கைகள் காற்றைத் தள்ளாத நிலைக்குத் திரும்பிவிட்டன. 72 பேரும் போய்விட்டார்கள். 2024 ஆகஸ்ட் 9, பிரேசிலில் 62 பேர். ஐஸ் கட்டும் வானிலையில் போய்க்கொண்டிருந்த விமானம்.

நான் இதில் பார்ப்பது இரண்டு: ஐஸ், பயிற்சி. நம் ஊரில் ஐஸ் எங்கே என்று நினைக்காதீர்கள். சென்னை வானத்திலும் 16,000 அடி சுமாருக்கு மேல் போனால் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மேகத்துக்குள் அந்த ரப்பர் பட்டைக்கு இங்கேயும் வேலை உண்டு. ஆனால் நாம் போகிற வழியில் கொஞ்சம் கீழே இறங்கினால் ஐஸ் உருகிவிடும், குளிர் நாட்டில் தரை வரைக்கும் குளிர். ஓட்டுகிற கம்பெனி பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் பணம் செலவு செய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் என் வீட்டு ஆட்களுக்கு ஏடிஆர் டிக்கெட் யோசிக்காமல் போடுகிறேன்.

ஒரு பக்கம் ஃபேன் சுற்றாமலே எஞ்சின் சத்தம் கேட்கிறதே, ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. பெரிய விமானங்களில் வாலில் ஒரு குட்டி எஞ்சின் இருக்கும், தரையில் நிற்கும்போது ஏசிக்கும் லைட்டுக்கும் அது ஓடும். ஏடிஆரில் அதை வைக்கவில்லை. எடை மிச்சம். அதற்குப் பதில் வலது எஞ்சினை ஓட்டி, புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டுப் பிடித்து வைப்பார்கள். ஹோட்டல் மோட் என்று பெயர். நீங்கள் ஏறும் பின் கதவு இடது பக்கம், ஓடும் எஞ்சின் மறுபக்கம்.

எந்த சீட் நல்லது? பெட்டி எவ்வளவு கொண்டுபோகலாம்?

பின்னால். முன் வரிசைகள் புரொப்பெல்லருக்கு நேராக வரும், சத்தமும் அதிர்வும் கூட. பின் கதவு என்பதால் இறங்கவும் முதலில் நீங்கள்தான். இரண்டு இரண்டு சீட், நடுசீட் தொல்லை கிடையாது. இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே பார்க்கலாம். மேல் ஷெல்ஃப் சின்னது. பெரிய டிராலி என்றால் ஏறும் இடத்திலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள், அதனால் மருந்து, நகை, பாஸ்போர்ட்டை அதில் வைக்காதீர்கள்.

விமான நிலையத்துக்கு எப்படிப் போவது?

விம்கோ நகரிலிருந்து விமான நிலையம்வரை நீல வழித்தட மெட்ரோ ஒரே வண்டி. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கேயும் ஏறலாம். ஆட்டோவில் மவுண்ட் ரோடு டிராஃபிக்கில் மாட்டி விமானத்தை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

என் மகன் பிளஸ் டூ. இந்த விமானத்தில் மெக்கானிக் ஆக முடியுமா?

எண்ணூர் லேலண்டிலும் திருவொற்றியூர் என்ஃபீல்டிலும் வேலை பார்த்த அப்பாக்கள் கேட்கும் கேள்வி இது. முடியும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் இருக்க வேண்டும். விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த விமானப் பராமரிப்புப் பள்ளியில் சேர்ந்து, டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். டர்பைன் எஞ்சின் விமானங்களுக்கு பி1.1 என்ற பிரிவு, மின்னணு வேலைக்கு பி2. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு ஏடிஆருக்கென்று தனியாக ரகப் பயிற்சி முடித்தால்தான் அந்த விமானத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே விட அதிகாரம் வரும்.

ஒரு எச்சரிக்கை. 'ஏவியேஷன் கோர்ஸ்' என்று போர்டு மாட்டிய இடமெல்லாம் இந்த லைசென்ஸுக்குப் போகிற வழி இல்லை. சிலது டிக்கெட் கவுண்டர் வேலைக்கான படிப்பு. அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்தில் இருக்கிறது. ஃபீஸ் கட்டுவதற்கு முன் அதில் அந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.